ஏரியில் இறங்குமுன்

ரொறன்ரோவுக்கு நான் போனது என் தம்பியைத் தடுத்து நிறுத்த. தொண்ணூறுகளின் பிற்பகுதி, மாசி மாதம். லண்டனில் நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் அவசர விடுமுறை கேட்டு, கிடைத்த விமானத்தில் ஏறிவிட்டேன்.

"மச்சாள், நீங்கள் நேரை வந்து சொன்னால்தான் கேப்பார்," என்று தம்பியின் மனைவி சாந்தினி தொலைபேசியில் அழுதிருந்தாள். முந்திய மாரியில் தம்பி யோகனும் அவனுடைய கூட்டாளி கேதீஸும் நகரத்துக்கு வடக்கே உறைந்து கிடந்த ஒரு ஏரியில் ஸ்னோமொபீல் என்ற பனிவண்டி ஓடப் போனார்கள். யோகன் மட்டும்தான் திரும்பி வந்தான். கேதீஸின் அம்மாவுக்கு அப்போது விசா கிடைக்கவில்லை. கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில் இருந்து, மகனுடைய செத்தவீட்டை வீடியோ கசற்றில்தான் பார்த்தார். ஒரு வருடம் கழித்து, மொன்றியலில் இருக்கும் மகளிடம் வர அனுமதி கிடைத்தது. வந்தவர் முதலில் கேட்டது அந்த ஏரியைத்தான். மகளுக்குக் கைக்குழந்தை. "நான் கூட்டிக்கொண்டு போறன்," என்று யோகன் வாக்குக் கொடுத்துவிட்டான். கரையில் நின்று காட்டுவதற்கல்ல. ஸ்னோமொபீலில் ஏற்றி, ஐஸ் மேலே, அந்த இடத்துக்கே.

விமான நிலையத்தில் யோகன் கையில் இன்னொரு கோட்டுடன் நின்றான். "லண்டன் கோட்டு இஞ்சை சரிவராது அக்கா," என்றான். லண்டன் குளிர் ஈரமாக எலும்புக்குள் மெல்ல ஊறும். இது வாசல் திறந்ததுமே முகத்தில் அறைந்தது. மூக்குக்குள் இருந்த ஈரம்கூட உறைந்து குத்தியது. கார்த் தரிப்பிடத்தில் கதவுப் பூட்டு இறுகிப்போய்த் திறக்க மறுத்தது. யோகன் சாவியை லைற்றரில் சூடாக்கிச் சூடாக்கி நுழைத்தான். நான் குளிரில் காலை மாற்றி மாற்றி வைத்தேன். முன்பெல்லாம் இப்படி ஒன்று நடந்தால் அவன் ஒரு பகிடி விட்டிருப்பான். இப்போது சாவியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

அவர்களுடைய வீடு இருக்கும் மல்வேர்ன் போய்ச் சேரும்வரை ஏரியைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை. வழிநெடுகப் பனி ஒதுக்கும் லொறிகள் உப்பைத் தூவிக்கொண்டு போயின.

வரிசை வீடுகளில் ஒன்று அவர்களுடையது. முன்னறையில் ஹீற்றருக்குப் பக்கத்தில், சீலைக்கு மேலே யோகனின் சுவெற்றரும் காலில் இரண்டு சோடி சொக்ஸும் போட்டுக்கொண்டு, மெலிந்த ஒரு அம்மா இருந்தார். மொன்றியலில் இருந்து வந்திருந்த கேதீஸின் அம்மா. அழுகையோடு ஒருவரை எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவரோ என்னைப் பார்த்ததும் தள்ளி இருந்து இடம் தந்தார். "லண்டனிலையும் உப்பிடிக் குளிரோ பிள்ளை?" என்று கேட்டார்.

இடியப்பமும் சொதியும் மாசிச் சம்பலும் சாப்பிட்டோம். சாப்பாட்டு மேசையில் சாந்தினி என் காலைத் தன் காலால் தட்டினாள். சொல்லுங்கோ என்று அர்த்தம். கேதீஸின் அம்மா இடியப்பத்தைப் பிய்த்துப் பிய்த்து வைத்திருந்தாரே தவிர, வாயில் வைத்தது குறைவு. அவர் முன்னிலையில் எப்படிச் சொல்வது? நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை. யோகன் ஓவர்ரைம் வேலைக்குப் போய்விட்டான். அம்மா றிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்குப் போகவேண்டும் என்றார். பிள்ளைகளுடன் சாந்தினியால் வரமுடியவில்லை. லண்டனில் பஸ் பிடித்துப் பழகியவள் என்ற துணிவில் நான் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

மல்வேர்ன் பஸ்ஸில் பாதிப்பேர் எங்கள் ஆட்கள். தடித்த சப்பாத்தும் மடியில் சாப்பாட்டுப் பையுமாக ஷிஃப்ருக்குப் போகிறவர்கள். எனக்கு முன்னால் இருந்த இரண்டு பெண்களில் ஒருத்தி, "நேற்று முழுக்க நிண்ட நிலையிலை வேலை, கால் என்ரை காலே இல்லை," என்றாள். மற்றவள் கண்ணாடியில் தலையைச் சாய்த்து நித்திரையாகிவிட்டாள்.

நகர எல்லை தாண்டியதும் என் பஸ் ஞானம் முடிந்தது. எங்கேயோ முன்னதாகவே இறங்கிவிட்டோம். நடைபாதை இல்லை; இருந்தாலும் பனிக்குள் புதைந்துதான் இருக்கவேண்டும். அம்மா என் முழங்கையைப் பிடித்தபடி சீலையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். கார்கள் எங்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தன. ஒன்று மட்டும் நின்று பின்னால் வந்தது.

"கோயிலுக்குத்தானே? ஏறுங்கம்மா. இந்தக் குளிர்ல நடந்து போனா ஆபத்து," என்றார் ஓட்டி வந்தவர். சென்னைக்காரர்; இங்கே கம்ப்யூட்டர் வேலை. "அம்மா முதல் தடவையா வர்றாங்களா? பையனப் பார்க்கவா?"

"ஓம் தம்பி, மகனைப் பாக்கத்தான் வந்தனான்," என்றார் அம்மா, குரல் மாறாமல். அந்த மனிதர் சந்தோஷப்பட்டு, கோடையில் வந்திருந்தால் நயாகரா பார்த்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோயிலில் அர்ச்சனை முடித்துக்கொண்டு ஒரு மூலையில் இருந்தோம். ஈரச் சொக்ஸ் காலில் ஒட்டியிருந்தது. இதுதான் தருணம் என்று நினைத்து, "ஏரிக்குக் கட்டாயம் போகத்தான் வேணுமோ அன்ரி? கரையிலை நிண்டு கும்பிட்டால் காணாதோ?" என்று கேட்டேன்.

அவர் அர்ச்சனைத் தட்டில் இருந்த வெள்ளைப் பூக்களை ஒரு கைக்குட்டையில் கட்டினார்.

"பிள்ளை, வெள்ளவத்தையிலை சனம் என்ன சொன்னது தெரியுமோ? குடிச்சுப்போட்டு ஓடினவங்களாம். வெறியிலை ஐஸ் எது தண்ணி எது எண்டு தெரியாமல் போய் விழுந்தவனாம். துக்கம் விசாரிக்க வந்த சனமே வாசல்லை நிண்டு கதைச்சது. என்ரை சொந்தத் தங்கச்சியே நம்பியிட்டாள். அவன் சின்னனிலை சைக்கிளுக்குக் காத்துப் பாக்காமல் ஏறமாட்டான். அப்பிடிப்பட்டவன் ஏன் போனவன், எப்பிடிப் போனவன் எண்டு எனக்குத் தெரியவேணும். ஆரும் எனக்குச் சொல்லேல்லை."

"யோகனிட்டைக் கேட்டீங்களோ?"

"கேட்டால் அந்தப் பெடியன்ரை முகத்தைப் பாக்கேலாமல் கிடக்கு. அங்கை போனால் சொல்லுவான்."

அதன்பிறகு தடுப்பதற்கு எனக்கு வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து சாந்தினியிடம், "நானும் அவையோடை போறன்," என்று மட்டும் சொன்னேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் ஞாயிறு காலை எழும்பியபோது ரோல்ஸும் பிளாஸ்க்கில் தேத்தண்ணியும் பையில் தயாராக இருந்தன.

வடக்கே போகப்போக வீடுகள் குறைந்தன. வெள்ளை வயல், கறுப்பு மரம், மறுபடி வெள்ளை வயல். தண்ணீர் இருக்கும் இடம் எது, நிலம் எது என்று எனக்குப் பிரித்தறிய முடியவில்லை. ஏரி வந்துவிட்டது என்று யோகன் சொன்னபோதும் பெரிய வயல் ஒன்றைப் பார்ப்பதாகவே நினைத்தேன். ஊரில் குளமும் கடலும் தம்மைத் தெரியக் காட்டும். இது மூடிக்கொண்டு கிடந்தது.

கரையில் மரவீடு ஒன்று. அதன் சொந்தக்காரர் ரோய், யோகனின் தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கேதீஸும் யோகனும் அன்றைக்கு ஓடியது அவருடைய வண்டிகளைத்தான். பெரிய உருவம், சிவந்த முகம். அம்மாவைக் கண்டதும் தொப்பியைக் கழற்றினார். கையைக் கொடுப்பதா கும்பிடுவதா என்று தெரியாமல் தொப்பியையே பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா அவருடைய கையைப் பிடித்தார். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழி இல்லை.

ரோயின் மனைவி உள்ளே கூட்டிப்போய் எங்களுக்கு உடுப்பு மாட்டிவிட்டார். தண்ணீரில் மிதக்கக்கூடிய தடித்த முழு அங்கி, தலைக்கு ஹெல்மெற். அம்மா வாழ்க்கையில் முதன்முறையாகக் காற்சட்டை போட்டார். சீலை உள்ளே சுருண்டு இடுப்பில் பெரிய முடிச்சாக நின்றது. கழுத்தில் ஒரு கயிறு. அதன் இரண்டு நுனியிலும் கூர் ஆணி பதித்த சின்னக் கைப்பிடிகள். உள்ளே விழுந்தால் ஐஸில் குத்திக்குத்தி மேலே ஏறுவதற்காம். நான் ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேரைச் சத்திரசிகிச்சைக்குத் தயார்படுத்தியிருக்கிறேன். அந்த அங்கிக்குள் நின்றபோதுதான், தயார்படுத்தப்படுகிறவர்களின் நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று விளங்கியது.

வெளியே இரண்டு ஸ்னோமொபீல்கள் நின்றன. மோட்டார் சைக்கிள் இருக்கை, முன்னால் சில்லுக்குப் பதிலாக இரண்டு சறுக்குப் பலகைகள், பின்னால் அகலமான றப்பர்ப் பட்டி. யோகன் முதலாவது வண்டியைச் சுற்றி வந்தான். குனிந்து சறுக்குப் பலகைகளை ஒவ்வொன்றாக ஆட்டி, ஆணிகள் இறுக்கமா என்று பார்த்தான். பட்டிக்குள் உறைந்திருந்த ஐஸைத் தடியால் தட்டிக் கொட்டினான். ரோய் வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்க, பட்டியைக் கையால் சுற்றி, கிழிசல் உண்டா என்று தடவிப் பார்த்தான். கோயிலில் அபிஷேகத்துக்கு ஆயத்தம் செய்வதைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல நாங்கள் நின்றோம்.

அம்மா கிட்டப் போனார்.

"தம்பி, அண்டைக்கும் உதெல்லாம் பாத்தனீங்களோ?"

யோகனின் கை பட்டியிலேயே நின்றது.

"பாத்தவன் அம்மா. அவன்தான் பாத்தவன்."

வேகத்தைக் கூட்டும் பிடியை அழுத்தி அழுத்தி விட்டான். விட்டவுடன் அது துள்ளித் திரும்பவேண்டும். உறைந்து சிக்கினால் வண்டி நிற்காமல் ஓடும் என்று எனக்குச் சொன்னான். பிரேக்கைப் பிடித்துப் பார்த்தான். முன் விளக்கு, பின் விளக்கு. எண்ணெய்த் தாங்கியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

"உதும் பாத்தவனோ?"

"ஓம் அம்மா."

பிறகு எஞ்சினை ஸ்ரார்ட் பண்ணினான். வண்டியில் இருந்து சுருள் கயிறு ஒன்று அவனுடைய கோட்டில் மாட்டியிருந்தது. ஆள் விழுந்தால் கயிறு பிடுங்குப்பட்டு எஞ்சின் நிற்கவேண்டும். அதைச் சோதிக்க யோகன் கயிற்றை வெடுக்கென்று இழுத்தான். இரைச்சல் அப்படியே அறுந்தது. திடீரென்று வந்த அந்த அமைதிக்குள் அம்மா மூன்றாம் முறையும் கேட்டார்.

"இந்தக் கயிறும் மாட்டியிருந்தவனோ?"

யோகன் வண்டியில் இருந்து இறங்கினான். கையுறையைக் கழற்றினான்.

"அம்மா, அவன் எல்லாம் பாத்தவன். ஒரு மணித்தியாலம் பாத்தவன். ஐஸிலை கிடங்கு போட்டு, தடிப்புப் பாத்துத்தான் இறங்கினவன். நான்தான் பக்கத்திலை நிண்டு கெதியா வாடா, கெதியா வாடா எண்டு கரைச்சல் குடுத்தனான். ரெண்டு பேரும் குடிக்கேல்லை. ஒரு துளி குடிக்கேல்லை. பின்னேரம்தான் ஸ்னோ கொட்டும் எண்டு ரேடியோவிலை சொன்னது. வெள்ளனவே கொட்டத் தொடங்கியிட்டுது. வந்த தடம் மூடுண்டு போச்சு. திரும்பேக்கை வழி விலகி, ஆறு வந்து விழுற பக்கம் போயிட்டம். அங்கை கீழை தண்ணி ஓடும், ஐஸ் தடிக்காது."

நிறுத்தினான். எங்களைப் பார்க்காமல் ஏரியைப் பார்த்தான்.

"அவன் முன்னுக்கு. நான் பின்னுக்கு. அவன்ரை வண்டி முன்பக்கம் இறங்கிறதைக் கண்டனான். அந்த நேரம் அவன் கையைத் தூக்கினவன் அம்மா. நில் எண்டு எனக்குக் காட்டினவன். நான் நிப்பாட்டினன். பேந்து படுத்துக் கிடந்து கயிறு எறிஞ்சனான். ஒருக்காப் பிடிச்சவன். பிறகு பிடிக்கேலாமல் போயிட்டுது."

சாந்தினிக்கும் இது தெரியாது, எனக்கும் தெரியாது. ஒரு வருடமாக அவன் ஒருவரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அம்மா கேட்டார்: "எந்தக் கை?"

"இடக்கை. வலக்கையாலைதான் ஓடுறது."

அம்மா தலையாட்டினார். கையுறைக்குள் இருந்த தன் விரல்களை நீட்டிச் சுருக்கிப் பார்த்தார். அவர் யோகனை என்ன சொல்லப்போகிறார் என்று எனக்குப் பயமாக இருந்தது. கெதியா வாடா என்று அவசரப்படுத்தியவனை ஒரு தாய் என்ன சொன்னாலும் தகும். அவர் அவனுக்கு முன்னால் போய் நாடியை உயர்த்திக் காட்டினார்.

"இந்தத் தொப்பி ஆடுது தம்பி. வடிவாப் பாத்து இறுக்கிவிடு."

யோகன் ஹெல்மெற்றின் பட்டியை இறுக்கினான். ஒரு விரல் நுழையுமா என்று நாடிக்குக் கீழே விட்டுப் பார்த்தான். அவனுடைய கண்ணீர் அம்மாவின் அங்கியில் விழுந்ததை நான் கண்டேன். இருவரும் அதைக் காணாததுபோல நின்றார்கள்.

ரோய் எங்கள் மொழியை விளங்காமலேயே எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டவர்போலத் தள்ளி நின்றார். பிறகு வானத்தைப் பார்த்தார்; மேற்கே முகில் இல்லை. மனைவியைக் கூப்பிட்டு, எந்தப் பக்கம் போகிறோம், எத்தனை மணிக்குள் வருவோம் என்று சொன்னார். "அதற்குப் பிறகு ஒரு நிமிடம்கூடக் காத்திருக்காதே, உதவிக்குப் போன் பண்ணு," என்றார். என்னைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அன்று அதை மட்டும் நாங்கள் செய்யவில்லை. எப்போது வருவீர்கள் என்று நான் கேட்கவில்லை. பையன்கள் ஆசையாக ஓடட்டும் என்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்."

புறப்பட்டோம். யோகனுக்குப் பின்னால் அம்மா. ரோய்க்குப் பின்னால் நான். இரண்டு வண்டிக்கும் நடுவில் நல்ல இடைவெளி விட்டிருந்தார்கள். வேகம் என்று சொல்வதற்கில்லை. சைக்கிளில் போகிறவன் எங்களை முந்தியிருப்பான். அம்மா யோகனின் இடுப்பை இறுக்கிக் கட்டிப்பிடித்திருந்தார்.

கரைக்குக் கிட்ட நிறுத்தி, யோகன் கைத்துறப்பணத்தால் ஐஸைத் துளைத்தான். நீலமும் கறுப்பும் கலந்த கெட்டி ஐஸ். துளைக்குள் கையை விட்டுத் தடிப்பை அளந்தான். ஒரு சாணுக்கு மேல். ரோய் பெருவிரலை உயர்த்தினார். இன்னும் கொஞ்சத் தூரம் போனதும் மறுபடியும் துளை. அங்கும் அதே தடிப்பு.

மூன்றாவது இடத்தில் யோகன் எங்களை வண்டியை விட்டு இறங்காமல் இருக்கச் சொன்னான். இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுநுனியை ரோயிடம் கொடுத்துவிட்டு, இரும்புக் கோலால் முன்னே முன்னே குத்திப் பார்த்தபடி நடந்தான். தூரத்தில் வளைந்த கரையில் மரங்கள் விலகி ஒரு வாய் தெரிந்தது. ஆறு வந்து விழும் இடம் அதுதான். நாங்கள் போகவேண்டிய இடமும் அதற்கு முன்னால்தான்.

துறப்பணம் இரண்டு சுற்றுச் சுற்றியதும் சட்டென்று இறங்கிவிட்டது. துளையால் தண்ணீர் குபுகுபுவென்று மேலே வந்து பரவியது. ஐஸ் சாம்பல் நிறத்தில், ஊறிய ரொட்டிபோல இருந்தது. யோகன் அசையாமல் நின்றான். பிறகு தான் போட்ட காலடியிலேயே கால் வைத்துப் பின்வாங்கி வந்தான்.

"அம்மா, இதுக்கு அங்காலை ஏலாது," என்றான். "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நான் கூட்டிக்கொண்டு போறன் எண்டு சொன்னனான். இன்னும் கொஞ்சத் தூரம்தான். ஆனால் ஏலாது."

அவர் அந்த இடத்தைப் பார்த்தார். உலகத்தின் மறுபக்கத்தில் இருந்து வந்தவருக்கு மிச்சம் இருந்தது ஒரு கூப்பிடு தூரம். கேளுங்கோ, கெஞ்சுங்கோ என்று என் மனமே அவருக்காகத் தவித்தது.

"அப்ப திரும்புவம் ராசா," என்றார் அம்மா. "ஒருத்தரும் அங்காலை போகவேண்டாம்."

திரும்பும் வழியில், யோகன் இரண்டாவதாகத் துளைத்த இடத்தில், கெட்டி ஐஸ் மேலே, அம்மா நிறுத்தச் சொன்னார். முழங்காலில் இருந்தார். கைக்குட்டையை அவிழ்த்து, கோயில் பூக்களை எடுத்தார். துளை சின்னது, ஒவ்வொன்றாகத்தான் போடவேண்டியிருந்தது. பூக்கள் கீழே போகாமல் தண்ணீரில் மிதந்து ஒன்றோடொன்று முட்டின. "இது எல்லாம் ஒரே தண்ணிதானே?" என்று யோகனிடம் கேட்டார். "ஓம் அம்மா, ஒரே தண்ணிதான்," என்றான் அவன். ரோய் ஹெல்மெற்றைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அம்மா அப்போதுதான் அழுதார். வாயைப் பொத்திக்கொள்ளாமல், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அழுதார். அந்த வெளியில் அதைத் திருப்பிச் சொல்ல ஒரு சுவர்கூட இல்லை. நாங்கள் எழும்பும்போது துளையின் விளிம்பில் மெல்லிய ஆடைபோல ஐஸ் மறுபடி பிடிக்கத் தொடங்கியிருந்தது.

ரோயின் மனைவி ஜன்னலோரம் நின்றிருந்தார். தொலைபேசி அவருடைய கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. சாந்தினியின் ரோல்ஸை எல்லோரும் சுடவைத்துச் சாப்பிட்டோம். அம்மா இரண்டு சாப்பிட்டார்.

திங்கட்கிழமை காலை, நான் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது அம்மா சமையலறையில் ரெலிபோன் காட் ஒன்றைச் சுரண்டிச் சாந்தினியிடம் கொடுத்தார். வெள்ளவத்தையில் இருக்கும் தங்கச்சிக்கு அழைப்பெடுக்கச் சொன்னார். லைன் கிடைக்கப் பல தடவை முயலவேண்டியிருந்தது. கிடைத்ததும், தூரத்துக்குச் சத்தமாகத்தான் கதைக்கவேண்டும் என்பதுபோல உரத்துச் சொன்னார்.

"அவன் குடிச்சுப்போட்டுப் போகேல்லை. கேக்குதோ? எல்லாம் வடிவாப் பாத்துத்தான் போனவன். தான் தாழேக்கை மற்றப் பெடியனைக் கை காட்டி நிப்பாட்டினவன்... ஓம், நிப்பாட்டினவன்... ஆரோ சொன்னதில்லை, அந்தப் பெடியனே சொன்னவன்... இஞ்சை, பக்கத்திலைதான் நிக்கிறான்."

வேலைக்குப் போக ஜக்கெற் போட்டுக்கொண்டு நின்ற யோகனிடம் ரிசீவரை நீட்டினார். சாந்தினி என்னைப் பார்த்தாள். யோகன் ஒரு கணம் தயங்கினான். பிறகு வாங்கிக் காதில் வைத்து, சுவரோடு சாய்ந்தான்.

"அன்ரி, நான் யோகன் கதைக்கிறன்," என்றான். "அண்டைக்குக் காலமை நாங்கள் ரெண்டு பேரும் அங்கை போனது எத்தினை மணிக்கெண்டால்..."